கால்வாய்ப் படகுவாழ்நரும் கரைவாழ் அயலாரும்

தமிழிலக்கியத்தில் கலங்களின் பெயர்க்குக் குறைவில்லை. அம்பி, பஃறி, ஓடம், தோணி, திமில், நாவாய், வங்கம் என அவற்றைத் தொகுத்துரைப்பது நம் ஆராய்ச்சியாளர்க்கு விருப்பமான பணியாகவும் இருந்து வந்துள்ளது. கலத்தின் வடிவு, அது சுமந்த பண்டம், அது சென்று சேர்ந்த துறை ஆகியன பலராலும் ஆராயப்பட்டன. ஆயின் அக்கலத்திலேயே உலையேற்றி உண்டு, அதிலேயே உறங்கி, நாட்கணக்கில் நீர்மேல் வாழ்ந்த மாந்தர்க்கு அயலார் யாவர், அவ்வயலாரோடு அவர் எங்ஙனம் ஒத்து வாழ்ந்தனர் என்னும் வினா அத்துணை எழுப்பப்படவில்லை. தென்திருவிதாங்கூரின் அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாயை நடுவாகவும், சென்னைக் கடற்கரையை ஒட்டிச் செல்லும் பக்கிங்காம் கால்வாயைத் துணையாகவும் கொண்டு அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நிலத்தில் குடியிருப்பார்க்கு அயல் என்பது வேலியாலும் வரப்பாலும் அமைவது; படகில் குடியிருப்பார்க்கோ அது கயிற்றாலும் குடிநீராலும் அமைவது என்பது எம் கருத்து.

முதற்கண் ஒரு சொல்லைப் பற்றித் தெளிவு வேண்டும். குலசேகரத்தைச் சூழ்ந்த ஊரார்க்குக் கால்வாய் என்றவுடன் நினைவிற்கு வருவது பாசனக் கால்வாயே. 1897ஆம் ஆண்டு தொடங்கி 1906ஆம் ஆண்டில் முடிவுற்ற பேச்சிப்பாறை அணையும், 1966ஆம் ஆண்டில் பறளியாற்றின் குறுக்கே அமைந்த மாத்தூர்த் தொட்டிப்பாலமும் அச்சொல்லின் பொருளை இப்பகுதியில் அவ்வாறு வரையறுத்துவிட்டன. பாசனக் கால்வாயில் எழும் பூசல் நீரின் அளவு பற்றியது. தலைமடையார் மிகுதியாகக் கொண்டனர், கடைமடையார்க்குக் கிட்டவில்லை என்பதே அப்பூசலின் உள்ளீடு. போக்குவரவுக் கால்வாயின் இயல்பு இதனின் முற்றிலும் வேறுபட்டது. அங்கு ஒருவர் சென்றதனால் மற்றொருவர்க்கு நீர் குறைவதில்லை. அங்கு எழும் பூசல் வழி பற்றியது. நிற்கும் இடம் பற்றியது. ஒருவர் கடந்து செல்லும் வரை மற்றொருவர் பொறுத்திருத்தல் வேண்டும் என்பது பற்றியது.

இவ்விரு வகை நீரும் நம் மாவட்டத்தில் ஓரிடத்துக் கலத்தல் காணத்தக்கது. திற்பரப்பில் அருவியாக வீழும் கோதையாறு, திருவட்டாற்றை அடுத்த மூவாற்றுமுகத்தில் பறளியாற்றோடு கூடிக் குழித்துறையாறு என்னும் பெயர் பெற்று, தேங்காய்ப்பட்டணத்தருகே கடலிற் புகுகின்றது. மலைநாட்டு நீர் சென்று சேரும் அந்தப் பொழிமுகத்திலேதான் அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் குறுக்கே வந்து கூடியது.

அக்கால்வாய் 1860ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. திருவிதாங்கூரை அப்பொழுது ஆண்டவர் உத்திரந் திருநாள் மார்த்தாண்டவர்மர். திவானாக இருந்தவர் மாதவராவ். திருவனந்தபுரத்திற்கு வடக்கே நீர்வழி முன்னரே இருந்தது. கௌரி பார்வதிபாய் ஆட்சிக்காலத்தில் வெட்டப்பெற்ற பார்வதி புத்தனாறு தலைநகரை வடபாலுள்ள காயல்களோடு இணைத்தது. அந்நீர்வழியைத் தெற்கே கன்னியாகுமரி வரை நீட்டிவிட்டால், நாஞ்சில்நாட்டு நெல்லும் குளச்சல் துறைப் பண்டங்களும் படகிலேயே தலைநகரை அடையும் என்று கருதினர். கருத்து நன்று; ஆயின் நிறைவேறவில்லை. பூவாற்றிலிருந்து நீரோடி, தேங்காய்ப்பட்டணம், குளச்சல் வழியே மண்டைக்காட்டுப் பகுதிவரை வந்த அளவில் அது நின்றுபோயிற்று. பெயரைக் கருதுமிடத்து, அனந்தன் என்பது பத்மநாபரைக் குறிக்கும், விக்டோரியா ஆங்கிலப் பேரரசி, மார்த்தாண்டன் மன்னன். தெய்வமும் பேரரசியும் மன்னனும் ஒருங்கே இடம்பெற்ற இந்நெடும் பெயரை ஊரார் எவரும் முழுமையாகச் சொல்வதில்லை. 'ஏ.வி.எம். கால்வாய்' என்று மூன்றெழுத்தில் முடித்துக்கொண்டனர். படமெடுக்கும் நிறுவனம் ஒன்றன் பெயரோடு மயங்கும் இக்குறுக்கத்தைக் கேட்டுப் புதியவர் வியப்பதுண்டு.

இனி இலக்கியச் சான்றுக்கு வருவோம். பட்டினப்பாலையில், உப்பை விற்று நெல்லொடு மீண்ட பஃறிகள் கழியோரத்துத் தறிகளிற் பிணிக்கப்பட்டு நிற்கும் தோற்றம், பந்தியில் வரிசையாகக் கட்டிய குதிரைகளோடு ஒப்பிடப்படுகின்றது. உவமை அழகியது. எனினும் அப்பஃறிகளில் வந்தவர் யார், இரவில் எங்குத் துயின்றனர், பக்கத்துப் பஃறியினரோடு என்ன பேசினர் என்பன அதில் இல்லை. இதனை அப்புலவரின் இயல்பு என்று தள்ளிவிடவும் இயலாது. பட்டினப்பாலையைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே பெரும்பாணாற்றுப்படையையும் பாடியவர். பெரும்பாணாற்றுப்படையில் அதே உப்பைத் தரைவழியே கொண்டுசெல்லும் உமணரின் வண்டி வருகின்றது. அங்குக் காடி வைத்த கலம் கயிற்றாற் கட்டப்பட்டுத் தொங்குவதையும், குழந்தையை உடைய பெண் எருதுகளைப் பின்னின்று ஓட்டுவதையும் புலவர் காண்கின்றார். சகடத்தை இல்லமாகக் கண்ட அதே கண், படகைக் கலமாக மட்டும் கண்டது. நிலத்தில் நின்று நோக்குவார்க்கு வண்டியின் உள்ளிடம் புலனாகும். தறியிற் கட்டிய படகின் கூரைக்குக் கீழுள்ளது புலனாகாது. வேறுபாட்டிற்கு இதனினும் ஆழ்ந்த காரணம் தேடவேண்டுவதில்லை எனத் தோன்றுகின்றது.

புறநானூற்று 343ஆம் பாட்டில் பரணர் மட்டும் இவ்வெல்லைக்கு அருகே வருகின்றார். முசிறியில் மீன் விற்றுப் பெற்ற நெல்லின் குவியலால் அம்பி எது, மனை எது என வேறுபாடு தெரியாது மயங்கும் என்பது அவர் காட்டும் காட்சி. இது செல்வச் சிறப்பைக் கூற வந்ததேயன்றி வாழ்க்கை முறையைக் கூற வந்ததன்று. ஆயினும் மனையையும் அம்பியையும் ஒரு தட்டில் வைத்து நோக்கிய அளவில் அது நமக்குப் பயன்படுகின்றது.

அயலார் உறவுக்கு இவற்றினும் பொருத்தமானதாக யாம் கருதுவது அகநானூற்று 159ஆம் பாட்டு. உமணர் எருதுகளை மேயவிட்டு இளைப்பாறிச் சமைத்துண்டு சென்றபின், அவர் விட்டுச்சென்ற அடுப்புக்கற்களில் வில்லேந்திய ஆடவர் ஊன் சமைத்துண்பர் என்பது அப்பாட்டிலுள்ள செய்தி. முன்னவரும் பின்னவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. எனினும் ஒருவர் இட்ட கல் மற்றவர்க்குப் பயன்படுகின்றது. பெயர்ந்து வாழ்வாரின் அயலுறவு பெரிதும் இத்தகையதே. இன்று நாம் நின்ற துறையில் நாளை மற்றொருவர் நிற்பர். நாம் நட்ட தறியில் அவர் கட்டுவர். நாம் துறையை அழுக்காக்கிச் சென்றால் முகமறியாத ஒருவர் நம்மை வைவர்.

படகின் அமைப்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். மேற்குக் கடற்கரைக் காயல்களில் நெல் சுமந்த பெருவள்ளத்தைக் கேரளத்தார் 'கெட்டுவள்ளம்' என்பர். கெட்டு என்பது நம் கட்டு என்னும் சொல்லே. இரும்பாணி அறையாது, அயினிப் பலகைகளைத் தென்னங்கயிற்றால் பிணித்துத் தைத்தமையால் அப்பெயர் பெற்றது. மேலே மூங்கிலும் பாயும் கொண்டு வளைத்த கூரை உண்டு. சரக்கு நடுவே இருக்கும். ஆட்கள் ஒரு முனையில் சமைத்து உண்டு அங்கேயே படுப்பர். காற்று வாய்த்த இடத்துப் பாய் உதவும். ஆழங்குறைந்த இடத்துக் கழை உதவும். குறுகிய கால்வாயில் கரையில் நடந்து கயிற்றால் இழுத்தலே வழி. வள்ளம் என்னும் சொல் பழைய நூல்களில் கிண்ணத்தைக் குறிக்க, தென்கோடிக் கரையிலும் மலையாளத்திலும் கலத்தைக் குறித்தல் சொல்லாராய்ச்சியாளர் நோக்கிற்குரியது. திருவனந்தபுரத்திலுள்ள வள்ளக்கடவு என்னும் இடப்பெயர், அங்கு வள்ளங்கள் வந்து நின்ற காலத்தை இன்றும் நினைவூட்டுகின்றது.

இந்தக் கயிற்றில்தான் படகினரும் கரையினரும் எதிர்ப்பட்டனர். தென்னங்கயிறு செய்யத் தேங்காய்க் கதம்பையை உவர்நீரில் ஆறு திங்களுக்கு மேலும் அழுக வைத்தல் வேண்டும். காயலோரமும் கால்வாயோரமும் அதற்கு ஏற்ற இடங்கள். கதம்பைக் குவியல்களை நீரிலிட்டு, மிதந்து செல்லாவண்ணம் சேறும் பாரமும் ஏற்றி வைப்பர். அதனால் நீர் கறுக்கும், தீநாற்றம் எழும், அப்பகுதியில் மீனும் அருகும், ஒடுங்கிய வாய்க்காலாயின் படகின் வழியும் ஒடுங்கும். படகில் துயில்வார்க்கு அந்நாற்றத்தினின்று தப்ப வழியில்லை. ஆயின் அவர் படகைப் பிணித்த கயிறும், இழுக்கும் கயிறும், தறியில் கட்டும் கயிறும் அதே கதம்பையிலிருந்து வந்தவை. கரையில் மட்டையடித்து நார் பிரித்த பெண்டிரின் கூலியும் அதனைச் சார்ந்தே இருந்தது. ஆதலின் 'உன் குவியலை அகற்று' என்று படகினர் கூறுதல் தம் தொழிலின் வேரையே அகற்றச் சொல்வதாகும். கதம்பை விளைக்கும் கயிற்றைப் படகினரும் கொண்டனராதலின், படகு வாராவிடின் கரையினர்க்கும் இழப்பே. இருபாலாரும் ஒருவரையொருவர் பொறுத்தமைக்குப் பெருந்தன்மையைக் காரணமாகக் கூறுவதினும் இந்தத் தேவையைக் காரணமாகக் கூறுதலே பொருந்தும்.

படகினர் தமக்குள் ஒத்துச்செல்லவும் கயிறே காரணமாயிற்று. எதிரெதிரே இழுத்துவரும் இரு படகுகள் ஒரே கரைவழியில் சந்திப்பின், ஒன்று தன் கயிற்றைத் தளரவிட்டு நீரில் ஆழ்த்தவேண்டும். மற்றது அதன்மேற் கடந்துசெல்லும். கயிற்றை ஆழ்த்தியவர் ஓட்டம் தடைப்பட்டு, மீண்டும் இழுத்து விசை கொள்ளும் வரை உழைப்பு இரட்டிக்கும். யார் ஆழ்த்துவது என்பது இழுகயிற்றுக் கால்வாய்கள் உள்ள நாடெல்லாம் வழக்கத்தால் தீர்க்கப்பட்ட சிக்கல். வழக்கத்தை மீறியவர் அன்று வெல்லலாம். மறுநாள் மதகில் அதே படகினர்க்குப் பின்னால் நிற்கவேண்டிவரும். நிலத்து அயலாரோடு பகைத்தவன் கதவடைத்து உள்ளிருக்கக்கூடும். ஒரே நீர்வழியில் முன்னும் பின்னுமாகச் செல்வார்க்கு அவ்வசதி இல்லை.

கயிற்றினும் பெரிய செய்தி குடிநீர். இதனை நூல்கள் பெரிதும் விட்டுவிட்டன. கடலோரக் கால்வாய் கடலின் ஏற்றவற்றத்தால் உவர்ப்படைவது. நாற்புறமும் நீர் சூழ இருந்தும் படகினர் ஒரு குடம் குடிநீர்க்குக் கரையேறி, ஒருவர் கிணற்றடியில் நிற்றல் வேண்டும். அரிசி படகில் இருக்கலாம், விறகு இருக்கலாம். நீர் மட்டும் கரையினர் கொடையே. 19ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் கிணற்றடி எத்தகைய இடமாக இருந்தது என்பதை ஈண்டு மறத்தல் கூடாது. கால்வாய் தொடங்கியதற்கு முந்திய ஆண்டாகிய 1859இல்தான், நெடிய போராட்டத்திற்குப்பின், நாடார் குலப் பெண்டிர் மேலாடை அணிதற்குரிய அரச அறிக்கை வெளிவந்தது. கோயில் நுழைவு அறிக்கைக்கு 1936ஆம் ஆண்டு வரை காத்திருக்கவேண்டியிருந்தது. இவற்றிற்கு இடைப்பட்ட காலத்தில், ஊர்தோறும் துறைதோறும் சாதிக்கேற்பப் பகுத்த கிணறுகளே இருந்தன. தன் ஊரில் எக்கிணறு தனக்குரியது என்பதை அறிந்த ஒருவன், பத்துக்கல் தொலைவில் அறியாத ஊரில் குடத்தோடு கரையேறும்போது முதலில் எதிர்கொள்ளும் வினா 'நீ யார்?' என்பதே. நீர்மேல் வாழ்வார்க்குச் சாதிக்கட்டு தளர்ந்திருந்தது என்று சிலர் எழுதுவர். படகினுள் அது ஒருவாறு உண்மையாகலாம். குடம் நிரம்பவேண்டிய இடத்தில் அது உண்மையன்று. படகினர் கட்டும் துறையைத் தெரிந்தெடுப்பதற்கு நிழலும் ஆழமும் போன்றே இக்கிணறும் காரணமாயிற்று எனக் கொள்ளல் தகும்.

இனிக் கிழக்குக் கடற்கரையை நோக்குவோம். ஆட்சியாளர் படகினரை எவ்வாறு கண்டனர் என்பதை அங்கே தெளிவாக அறியலாம். பேசில் காக்ரேன் என்பவர் 1806ஆம் ஆண்டளவில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 கல் தொலைவிற்கு வெட்டிய கால்வாய், 1837இல் அரசுக்கு உரியதாயிற்று. பின்னர்ப் படிப்படியாக வடக்கும் தெற்கும் நீண்டது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும்பஞ்சத்தில், பஞ்ச நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. அக்காலத்து ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு இடப்பட்டது. ஆந்திரத்திலிருந்து மரக்காணம் வரை அதன் நீளம் ஏறத்தாழ 420 கிலோமீட்டர். அதில் 163 கிலோமீட்டர் தமிழ்நாட்டிற்குரியது. சிறீஅரிக்கோட்டைச் சவுக்கு விறகு சென்னையின் அடுப்புகளுக்கு இவ்வழியே வந்தது. உப்பும் கிளிஞ்சலும் நெல்லும் வந்தன. படகுகள் வந்து தங்கிய நீர்த்தேக்கத்தின் பெயரே பேசின் பாலம் என்னும் பெயரில் எஞ்சியுள்ளது.

ஒரு காலவொற்றுமையைச் சுட்டவேண்டும். சென்னையில் பஞ்சத்தால் நலிந்தோர் இக்கால்வாயை வெட்டிக்கொண்டிருந்த 1877ஆம் ஆண்டிலேயே, பிரித்தானியப் பாராளுமன்றம் கால்வாய்ப் படகுச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. கோல்வில் ஊர் சார்ச் சுமித் என்பார், கால்வாய்ப் படகுகளின் சிற்றறைகளில் குடும்பங்கள் நெருக்குண்டு, குழந்தைகள் கல்வியின்றி வளர்தலைப் பற்றி இடைவிடாது எழுதியதன் பயன் அது. குடியிருப்பாகப் பயன்படும் படகு பதிவு செய்யப்படல் வேண்டும், அதில் எத்தனை பேர் வாழலாம் என்பது வரையறுக்கப்படல் வேண்டும் என அச்சட்டம் விதித்தது. 1884இல் அது திருத்தப்பட்டு மேற்பார்வையாளரும் ஏற்பட்டனர். அதாவது அந்நாட்டுச் சட்டம் படகை வீடாகக் கண்டது. தலையிட்டதனால் படகினர் மகிழ்ந்தனர் என்று கூறவியலாது. தம் இல்லத்துள் அதிகாரி நுழைவதை எவர் விரும்புவர்? எனினும் அவர் இருப்பு ஏட்டில் ஏறியது. சென்னை மாகாணத்தில் 1890ஆம் ஆண்டு 2ஆம் சட்டமாக வந்த கால்வாய்கள், பொதுத்துறைகள் பற்றிய சட்டமோ படகை வருவாய்க்குரிய ஊர்தியாகவே கண்டது. அதன் நாட்டம் சுங்கத்திலும் பதிவிலும் உரிமத்திலும் நின்றது. அரசு ஏட்டில் படகுக்கு எண் உண்டு. உள்ளே உறங்கினவர் பெயரை அறிய அவ்வெண் உதவாது.

புலவருள் அவரைக் கண்டவர் பாரதிதாசன். 'மாவலிபுரச் செலவு' என்னும் பாட்டு, சென்னையிலிருந்து இக்கால்வாய் வழியே நண்பர்களோடு படகிற் சென்றதைப் பாடுவது. நிலவும் நீரும் பற்றிய களிப்பினிடையே, கரையில் கயிறு பற்றி இழுத்துச் செல்லும் தொழிலாளரின் துன்பம் புலவர் கண்ணிற் படுகின்றது. பட்டினப்பாலையின் குதிரைப்பந்தி உவமைக்குப்பின் கால்வாய்ப் படகின் ஆட்களைத் தமிழ்ச் செய்யுள் கண்டெடுக்க இத்துணைக் காலம் சென்றது. அங்கும் படகினர் உழைப்பாளராகக் காட்சியளிக்கின்றனரேயன்றி, ஒருவர்க்கு அயலாராகக் காட்சியளித்திலர்.

இரு கால்வாய்களின் முடிவும் ஏறக்குறைய ஒன்றே. சாலையும் லாரியும் சரக்கைக் கொண்டன. பக்கிங்காம் கால்வாயை 1965-66ஆம் ஆண்டுகளின் புயல்களும் 1976ஆம் ஆண்டின் புயலும் சிதைத்தன. சென்னை நகருள் அதன்மேலேயே பறக்கும் இரயிலின் தூண்கள் ஊன்றப்பட்டன. 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, கால்வாய் எஞ்சியிருந்த இடங்களில் அது அலைநீரை ஏற்று விரைவைத் தணித்தது என்பது பின்னர் உணரப்பட்டது. தெற்கே, 1956 நவம்பர் முதல் நாள் குமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தமையால், ஏ.வி.எம். கால்வாய் இரு மாநிலங்களுக்கு இடையே பிரிந்தது. ஒரு தலைநகரை நோக்கி வெட்டப்பட்ட வழி, அத்தலைநகரினின்று அறுபட்டபின் பேணுவாரின்றி மணல் மூடியது. பல இடங்களில் ஆக்கிரமிப்புக்குள்ளாயிற்று. வடபால் பூவாற்றில் இன்று செல்லும் படகுகள் சுற்றுலாவிற்குரியன. ஆலப்புழைப் பக்கம் 1990களில் கெட்டுவள்ளங்கள் தங்கும் படகுகளாக மாற்றப்பட்டபின், அவற்றினின்று காயலில் விழும் கழிவு பற்றிக் கரையினர் முறையிடுகின்றனர். அப்படகில் ஓரிரவு தங்குவார்க்குக் கரைக்கிணற்றின் தேவை இல்லை. குடிநீர் புட்டியில் வருகின்றது. கரையினரோடு அவர்க்கு ஒரு சொல்லேனும் பேச வேண்டிய காரணமும் அதனால் இல்லாது போயிற்று.

குமரி மாவட்டக் கரையில் இன்னும் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. நீரோடி முதல் மண்டைக்காடு வரை கால்வாய் சென்ற ஊர்களில், படகுகள் எங்குக் கட்டப்பட்டன, எவர் கிணற்றில் நீர் முகந்தனர், கயிற்றை ஆழ்த்தும்போது கூவிய சொல் யாது, கதம்பைக்குவியல் பற்றிய பூசலை எவர் தீர்த்தனர் என்பவற்றை முதியோர்பால் கேட்டு எழுதுதல் வேண்டும். கடவு, பொழி, கதம்பை, வள்ளம் என்னும் சொற்கள் எவ்வூரில் எப்பொருளில் வழங்குகின்றன என்பதையும் உடன் குறித்துக்கொள்ளலாம். கால்வாயின் தெற்குமுனையாகிய மண்டைக்காட்டுப் பக்கத்திலிருந்து தொடங்குதல் நன்று. அங்கேதான் மணல் முதலில் மூடியது, நினைவும் முதலில் மறையக்கூடும்.